வீட்டுக் கணினியில் கோப்புச் சிக்கல்கள்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் ஒரே சிக்கலைப் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். வேறாகக் குறிப்பிடாத இடங்களில் விடை விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டுக்கும் பொருந்தும். கேட்டவர்களில் பலர் எனக்கு எழுதுவதற்கு முன்பே ஏதோ ஒரு 'ரிப்பேர்' மென்பொருளை இறக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். நோய் எதுவென்று தெரியாமல் ஓட்டும் அந்த மென்பொருளே, மீட்டிருக்கக்கூடிய கோப்பை மீட்க முடியாமல் ஆக்கிவிடுவதுண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): வணக்கம் ஐயா. ஜெராக்ஸ் கடையில் வினாத்தாள் அச்செடுத்துவிட்டு வந்து பார்த்தால், என் பென்டிரைவில் எல்லாக் கோப்புறைகளும் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன. ஃபார்மட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார் கடைக்காரர். பழைய வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பதில்: ஃபார்மட் செய்யாதீர்கள். பென்டிரைவின் மீது வலது சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியைப் பாருங்கள். பயன்படுத்தப்பட்ட இடம் முன்பிருந்த அளவிலேயே இருந்தால், உங்கள் கோப்புகள் உள்ளேயே பத்திரமாக இருக்கின்றன என்று பொருள். இந்த வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. அசல் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை முன்னால் நிறுத்துகிறது. சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே தெரியாத ஒரு கோப்புறைக்குள் தள்ளிவிடும். அதன் பெயர் கண்ணுக்குப் புலப்படாத ஓர் இடைவெளிக் குறி மட்டுமே. ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், அடுத்த நொடியே உங்கள் கோப்புறையும் திறக்கும். அதனால்தான் பலர் 'திறக்கத்தானே செய்கிறது' என்று நாள்கணக்கில் அதையே சொடுக்கிக்கொண்டிருந்து, வீட்டுக் கணினிக்கும் தொற்ற வைத்துவிடுகிறார்கள்.

எனவே ஷார்ட்கட்டுகளைத் தொடாமல், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான விண்டோஸ் செக்யூரிட்டியைக் கொண்டு பென்டிரைவை முழுமையாகச் சோதியுங்கள். ஏற்கெனவே ஒரு முறை சொடுக்கிவிட்டீர்கள் என்றால் கணினியையும் சோதிக்க வேண்டும். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' தாவலுக்குச் செல்லுங்கள். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி மாற்றினால் மட்டும் போதாது. வைரஸ் 'ஹிடன்' பண்போடு 'சிஸ்டம்' பண்பையும் சேர்த்தே ஏற்றிவைத்திருப்பதால், இயங்குதளத்தின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளை மறைத்துவைக்கும் தேர்வையும் எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் எச்சரிக்கும், சம்மதம் கொடுங்கள். இப்போது மங்கலான நிறத்தில் உங்கள் கோப்புறைகள் தெரியும். கணினியில் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, மங்கலான கோப்புறைகளைத் திறந்து, உள்ளே இருக்கும் வேர்டு, பிடிஎஃப் கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். நீங்கள் உருவாக்காத எதையும் எடுக்க வேண்டாம். ஒன்றிரண்டு கோப்புகளைத் திறந்து சரிபார்த்துக்கொண்டபின் பென்டிரைவை ஃபார்மட் செய்யலாம். கடைக்காரர் சொன்னது கடைசியில் செய்ய வேண்டியது, அவ்வளவுதான். இனிமேல் கடைக்கு அச்செடுக்கவேண்டிய பிடிஎஃப் மட்டும் உள்ள ஒரு சிறிய பென்டிரைவைத் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: பென்டிரைவிலிருந்து தவறுதலாகத் திருமணப் படங்களை அழித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. எங்கே போயிருக்கும்?

பதில்: பென்டிரைவில் அழிப்பவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, கணினிக்குள் இருக்கும் வட்டுகளுக்கு அந்த வசதி இயல்பாக உண்டு. ஆனால் அழித்தவுடன் படம் காணாமல் போய்விடுவதும் இல்லை. வரி ரசீதில் பெயரை அடித்துவிட்டாலும் வீடு அங்கேயே நிற்பதைப் போல, பட்டியலில் இருந்த பதிவுதான் நீக்கப்பட்டிருக்கிறது. படத்தின் தரவு இருந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அது அங்கேயே இருக்கும். அதனால் இந்த நொடியிலிருந்து அந்தப் பென்டிரைவில் எதையும் எழுதாதீர்கள். ஃபோட்டோரெக், ரெக்குவா போன்ற இலவச மென்பொருள்களைக் கணினியில் நிறுவி, மீட்கும் படங்களையும் கணினியிலேயே சேமியுங்கள். ஃபோட்டோரெக் கோப்பின் பழைய பெயரைத் திருப்பித் தராது. படங்கள் எண்களைப் பெயராகக் கொண்டு வரும். பெயரைவிடப் படம் முக்கியம் என்பதால் அதை நான் குறையாகக் கருதுவதில்லை.

கணினிக்குள் உள்ள எஸ்எஸ்டியிலிருந்து (சுழலும் தட்டில்லாமல் சில்லுகளில் சேமிக்கும் வட்டு) இதே போல் அழித்துவிட்டு எழுதியிருந்தவர்களுக்கு இவ்வளவு நம்பிக்கை தர இயலாது. கோப்பு அழிக்கப்பட்டதும் விண்டோஸ் 'டிரிம்' என்ற கட்டளையை அனுப்பி, அந்த இடம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடுகிறது. வட்டும் அந்த இடத்தைத் தானே துடைத்து வைத்துக்கொள்கிறது. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்ட பின்னர், வேறு இடத்தில் நகல் இருக்கிறதா என்று தேடுவதே பயனுள்ள வழி.

கேள்வி (மளிகைக் கடை உரிமையாளர்): ஒரே கோப்புறையில் 'கொடுக்கல் வாங்கல்' என்ற பெயரில் இரண்டு எக்செல் கோப்புகள் இருக்கின்றன. ஓர் எழுத்துகூட வேறுபாடு இல்லை. ஒரே பெயரில் இரண்டை விண்டோஸ் அனுமதிக்காது என்றுதானே சொல்வார்கள்? தேடினாலும் ஒன்றுதான் வருகிறது.

பதில்: முதலில் எளிய காரணத்தைப் பார்த்துவிடுவோம். கோப்பின் வகையைக் காட்ட, பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டை விண்டோஸ் இயல்பாக மறைத்துவைக்கும். ஒன்று பழைய எக்செல் வடிவிலும் மற்றது புதிய வடிவிலும் இருந்தால், பெயர் ஒன்றுபோலத் தெரியும். 'வியூ' பட்டியலில் பின்னொட்டுகளைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள். இந்தத் தேர்வை எல்லோருமே நிரந்தரமாக இயக்கிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. மின்னஞ்சலில் வரும் வைரஸ்களில் பல, படம் போலப் பெயர் சூட்டிக்கொண்டு உண்மையான பின்னொட்டை இந்த மறைவில்தான் ஒளித்துவைக்கின்றன.

பின்னொட்டும் ஒன்றாகவே இருந்தால், காரணம் தமிழ் எழுத்து கணினியில் சேமிக்கப்படும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண்ணைத் தரும் பொதுத் தரமான யூனிகோடில், 'கொ' என்ற எழுத்தை இரண்டு வகையாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறியீடுகளாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. யூனிகோடு தரமும் இரண்டையும் சமமாகவே கருதச் சொல்கிறது. ஆனால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளைப் பதிந்து கணக்கு வைக்கும் முறை) குறியீட்டு எண்களைத்தான் ஒப்பிடுகிறது. எண்கள் வேறானால் பெயரும் வேறு. கடைக் கணினியில் ஒரு விசைப்பலகை முறையும் வீட்டில் இன்னொன்றும் பயன்படுத்துபவர்களுக்கு இது நேரும். 'கோ' எழுத்திலும் இதே இரட்டை வழி உண்டு. 'கௌ' எழுத்தில் ஒரு கூடுதல் சங்கடம்: சிலர் கடைசியில் ளகரத்தையே தட்டிவிடுகிறார்கள், அது பார்வைக்கு ஔகாரம் போலவே இருக்கும், தேடலில் அகப்படாது.

தீர்வு எளிது. இரண்டையும் திறந்து எது அண்மைக் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றின் பெயரையும் முழுவதுமாக அழித்துவிட்டு, ஒரே விசைப்பலகையில் புதிதாகத் தட்டுங்கள். இரண்டாவதற்கு அதே பெயரை இடும்போது, அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது என்று விண்டோஸ் மறுத்தால் நோயைச் சரியாகக் கண்டறிந்துவிட்டோம். இரண்டாவதற்கு ஆண்டைச் சேர்த்து வேறு பெயர் கொடுங்கள்.

கேள்வி: பழைய கணினியிலிருந்து குடும்பப் படங்களை நகலெடுக்கும்போது, கோப்பின் பெயர் மிக நீளம் என்று சொல்லிப் பாதியில் நின்றுவிடுகிறது. பெயர் அவ்வளவு நீளமாக இல்லையே?

பதில்: விண்டோஸ் அளப்பது கோப்பின் பெயரை மட்டுமன்று, வட்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்தில் (C:, D: போன்றவை) தொடங்கி, வழியிலுள்ள கோப்புறைகளின் பெயர்களையும் சேர்த்து முழுப் பாதையையும் அளக்கிறது. அதற்கான வரம்பு 260. மேலும், தமிழில் நாம் எண்ணுவது ஒன்று, கணினி எண்ணுவது வேறு. 'குடும்பப் புகைப்படங்கள்' என்பது நம் கணக்கில் 13 எழுத்துகளும் ஓர் இடைவெளியும். புள்ளி, உகரக் குறி, ஐகாரக் குறி ஒவ்வொன்றும் தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு அது 23. இப்படிப்பட்ட நான்கைந்து பெயர்கள் அடுக்காக அமைந்தால் வரம்பு விரைவில் நெருங்கிவிடும். மேலே இருக்கும் ஓரிரு கோப்புறைகளின் பெயரைத் தற்காலிகமாக ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டு நகலெடுங்கள். அல்லது ஆழத்தில் உள்ள கோப்புறையை வட்டின் முதல் நிலைக்கு நகர்த்துங்கள். விண்டோஸ் 10இன் 1607ஆம் பதிப்பு முதல் இந்த வரம்பைத் தளர்த்தும் அமைப்பு உண்டு என்றாலும், ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அதை முழுமையாகக் கடைப்பிடிப்பதில்லை என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

லினக்ஸ் பயன்படுத்தும் நண்பர் ஒருவரும் இதையே கேட்டிருந்தார். அங்கே ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட் வரம்பு. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்வதால் 85 குறியீடுகளோடு பெயர் முடிந்துவிடும்.

கேள்வி: பென்டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி காணொளி ஏற மறுக்கிறது.

பதில்: பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது. அதில் ஒற்றைக் கோப்பு 4 ஜிபியை எட்டக்கூடாது. உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய தொலைக்காட்சிகளும் கார் ஆடியோ கருவிகளும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம்; அங்கே போடுவதற்கானது என்றால் காணொளியின் அளவைக் குறைப்பதே வழி.

கேள்வி: ஒரு கோப்புறையை அழிக்க முயன்றால், வேறொரு செயலியில் திறந்திருக்கிறது என்கிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டேன், கணினியை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன்.

பதில்: அணைத்துப் போட்டதாக நீங்கள் நினைப்பது முழுமையான அணைப்பாக இல்லாமல் இருக்கலாம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினிகளில் 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் தன் மையப் பகுதியான உட்கருவின் நிலையைச் சேமித்துவைத்து, மறுநாள் அதிலிருந்தே எழுகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முற்றிலும் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியவில்லையென்றால் விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, 'சிபியு' தாவலில் உள்ள தேடல் பெட்டியில் கோப்புறையின் பெயரைத் தட்டுங்கள். எது பிடித்துவைத்திருக்கிறது என்று பெயரோடு காட்டிவிடும். எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகமே குற்றவாளியாக இருப்பதும் உண்டு.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்புறையைத் திறக்கவே சில நிமிடங்கள் ஆகின்றன. நகலெடுத்தால் நடுவில் நின்றுவிடுகிறது. செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும் என்று நண்பன் சொல்கிறான். ஓட்டலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, இப்போது வேண்டாம். விண்டோஸோடு வரும் வட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கின் வேலை கோப்பு முறைமையின் கணக்கைச் சீராக்குவது. உன் கோப்பைக் காப்பாற்றுவது அதன் வேலையன்று. கணக்கில் பொருந்தாத துண்டு எதையாவது கண்டால், அதை வெட்டியெடுத்துப் பெயரில்லாத துண்டாக ஒரு தனிக் கோப்புறையில் போட்டுவிட்டு, வட்டு சீராகிவிட்டது என்று அறிவித்துவிடும். பழுதான பகுதிகளைத் தேடும் தேர்வோடு ஓட்டினால், ஏற்கெனவே தேய்ந்துபோன வட்டின் முழுப் பரப்பையும் மணிக்கணக்கில் படிக்க வைப்பாய். எஞ்சியிருக்கும் ஆயுளை அதிலேயே செலவழித்துவிடக்கூடும்.

முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார். இந்த அறிகுறிகள் மோசமான கேபிளாலும் வரும். அதன்பின் கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வட்டின் உடல்நிலையைப் பார். மாற்றியமைக்கப்பட்ட பகுதிகள், காத்திருப்பில் உள்ள பகுதிகள் என்ற இரண்டு எண்களும் பூச்சியமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் வட்டு போய்க்கொண்டிருக்கிறது. அப்போது நகலெடுக்கும் வரிசைதான் முக்கியம். ப்ராஜெக்ட், சான்றிதழ் போன்ற சிறிய கோப்புகள் முதலில், குடும்பப் படங்கள் அடுத்து. மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய திரைப்படங்களைத் தொடவே வேண்டாம். நின்றுவிடும் கோப்பில் மல்லுக்கட்டாமல், அதைத் தாண்டி அடுத்ததற்குப் போ.

உள்ளிருந்து டக் டக் என்ற ஓசை வந்தால் உடனே மின்னிணைப்பை எடுத்துவிடு. தட்டைப் படிக்கும் தலைப்பகுதி பழுதாகியிருக்கலாம், ஒவ்வொரு முயற்சியும் தட்டைக் கீறக்கூடும். அதற்குமேல் தரவு மீட்பு நிலையத்தின் வேலை. மூடியைத் திறப்பதும், இணையத்தில் சொல்கிறார்கள் என்று ஃபிரீசரில் வைப்பதும் அவர்களுக்கும் வழியில்லாமல் செய்துவிடும். வட்டு நலமாக இருந்து, மின்வெட்டுக்குப் பின் கோப்புறை மட்டும் திறக்கவில்லை என்றால், நண்பன் சொன்ன செக்டிஸ்க் அப்போது பொருத்தமான மருந்துதான். அதுவும் நகலெடுத்த பிறகு.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்): ஒன்டிரைவில் இடமில்லை என்று தொல்லை தந்ததால் அதை நிறுத்தினேன். டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புகள் அனைத்தும் மறைந்துவிட்டன.

பதில்: பதற வேண்டாம் ஐயா. கணினியை முதலில் அமைத்தபோது, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவின் காப்பு வசதிக்கு ஏதோ ஓர் இடத்தில் 'சரி' கொடுத்திருப்பீர்கள். அதனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகள் ஒன்டிரைவின் கோப்புறைக்குள் இடம்பெயர்ந்திருக்கும். இலவசக் கணக்கில் 5 ஜிபிதான் என்பதால் விரைவில் நிரம்பிவிட்டது. காப்பு வசதியை நிறுத்தியதும் டெஸ்க்டாப் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது, கோப்புகள் ஒன்டிரைவிலேயே தங்கிவிட்டன. ஒன்டிரைவ் கோப்புறைக்குள் 'டெஸ்க்டாப்' என்ற உட்கோப்புறையைத் திறந்து பாருங்கள். மேகக் குறி உள்ளவை உங்கள் கணினியில் இல்லை, இணையத்தில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை எப்போதும் இந்தக் கணினியில் வைத்திருக்குமாறு வலது சொடுக்கில் தேர்ந்தெடுத்து, முழுமையாக இறங்கிய பிறகு வெளியே எடுங்கள். அதற்கு முன்பே அழித்துவிட்டால் இணையத்திலும் அழிந்துவிடும். தனிநபர் கணக்கானால் அங்குள்ள ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்கும்.

கேள்வி: எல்லாக் கோப்புறைகளிலும் 'டெஸ்க்டாப்.ஐஎன்ஐ' என்ற கோப்பு திடீரென்று தெரிகிறது. வைரஸா?

பதில்: இல்லை. கோப்புறையின் தோற்றத்தை நினைவில் வைக்கும் விண்டோஸ் கோப்பு அது. மறைந்த கோப்புகளோடு இயங்குதளத்தின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளையும் காட்டும்படி வைத்திருப்பதால் தெரிகிறது. வேலை முடிந்ததும் இரண்டையும் மீண்டும் மறைக்கும்படி மாற்றிவிடுங்கள். முதல் கேள்வி கேட்ட ஆசிரியைக்கும் இது பொருந்தும்.

கேள்வி: படங்களைப் புதிய வட்டுக்கு மாற்றினேன். உருவாக்கிய தேதி, கடைசியாகத் திருத்திய தேதிக்குப் பிந்தியதாக இருக்கிறது. தேதிவாரியாக அடுக்க முடியவில்லை.

பதில்: உருவாக்கிய தேதி என்பது அந்த நகல் இந்த வட்டில் உருவான தேதி, திருத்திய தேதி மட்டும் பழையதிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. படங்களுக்கு இரண்டையும் விட்டுவிட்டு, 'டேட் டேக்கன்' என்ற நெடுவரிசையைச் சேர்த்து அதன்படி அடுக்குங்கள். அது கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைத்த தேதி என்பதால் நகலெடுத்தாலும் மாறாது. வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் அந்தத் தகவல் நீக்கப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியிலிருந்து எடுத்தவையானால், அவற்றின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்கங்கள் இருக்கும். பெயர்வாரியாக அடுக்கினாலே தேதிவாரியாக அமைந்துவிடும்.