காசு போடாமல் ஹார்த்ஸ்டோன் ஆட முடியுமா?

ஆடலாம், பொறுமை இருந்தால். 2014-இல் வந்த இந்த ஆன்லைன் சீட்டு விளையாட்டின் பெரிய பலம் எளிமை. ஒரு சீட்டுக்கட்டுக்கு 30 சீட்டு. உங்கள் முறை வரும்போதெல்லாம் மானா, அதாவது சீட்டை இறக்கச் செலவாகும் சக்தி, ஒன்று தானாகவே கூடி 10 வரை போகும். ரம்மி ஆடிப் பழகியவர் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். மதுரை பெரியார் நிலையத்தில் பஸ் ஏறினால் திருமங்கலம் வருவதற்குள் இரண்டு ஆட்டமாவது முடிந்துவிடும், சிக்னல் கைகொடுத்தால்.

சிக்கல் சீட்டு சேர்ப்பதில்தான். வேண்டிய லெஜண்டரி சீட்டை, அதாவது மிக அரிய ரகச் சீட்டை, நாமே உருவாக்க 1600 டஸ்ட் வேண்டும்; சீட்டுகளை உடைத்தால் கிடைக்கும் தூள்தான் இந்த டஸ்ட். கையிலிருக்கும் லெஜண்டரி ஒன்றை உடைத்தாலோ 400தான் கிடைக்கும். அதாவது நாலைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற கணக்கு. நம்ம ஊர் அடகுக்கடையே தேவலை! போதாததற்கு, ஸ்டாண்டர்ட் என்ற ஆட்ட முறையில் ஆண்டுதோறும் பழைய சீட்டுத் தொகுப்புகள் விலகிவிடும். அவற்றை வைல்ட் என்ற இன்னொரு முறையில் ஆடிக்கொள்ளலாம், சரி, ஆனால் அங்கே எதிராளி கையில் பல வருடச் சேமிப்பு இருக்கும்.

அதனால் எல்லா வகுப்புக்கும் (தனித்தனிச் சீட்டுகள் கொண்ட நாயக வகைகள்) ஆசைப்படாதீர்கள். நான் ஹன்டர் என்ற ஒரு வகுப்பை மட்டுமே வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். விளையாட்டு தரும் தினசரிப் பணிகளை விடாமல் முடியுங்கள். புதுத் தொகுப்பு வந்த முதல் வாரம் டஸ்ட்டைத் தொடவே தொடாதீர்கள். எந்தச் சீட்டு தேறுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் செலவழிக்கலாம்.