விலை குறைந்த பழைய மோட்டார் படகு வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது?

வாங்கலாம். ஆனால் விலை பேசுவதற்கு முன், தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். பின்பலகையின் மரத்துக்குள், கியர் ஆயிலுக்குள், பெட்ரோலுக்குள், டிரெய்லர் பேரிங்குக்குள் என நான்கு இடங்கள். பழைய படகில் பெரிய செலவு வைக்கும் கோளாறுகளைப் பின்தொடர்ந்து போனால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில் போய் நிற்கும். புதுப் பெயின்ட்டும் புது சீட் உறையும் இதில் எதையும் மாற்றாது.

ஃபைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். எஞ்சின் உள்ளேயும் கியர் வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவ் படகு மிக மலிவாகக் கிடைத்தாலும் முதல் படகாக அது வேண்டாம். பின்பக்கத் துளையை மூடும் ரப்பர் பெல்லோஸ் கிழிந்தால் படகு நின்ற இடத்திலேயே மூழ்கும். உப்புநீரில் ஓடியதென்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை வெளியேற்றும் குழாய்) உள்ளிருந்து அரித்து, சிலிண்டருக்குள் தண்ணீர் விடும். இரண்டும் கழற்றாமல் முழுதாகத் தெரியாது.

முதலில் எஞ்சினைத் தாங்கும் பின்பலகை, அதாவது டிரான்சம். பல பழைய படகுகளில் ஃபைபருக்கு நடுவே பிளைவுட் இருக்கும். எஞ்சின் போல்ட்டைச் சுற்றி சீலன்ட் காய்ந்து வெடித்தால் நீர் அந்த வழியாக இறங்கி மரத்தை ஊறவைத்து மக்கச் செய்யும். வெளியே ஃபைபர் பளபளப்பாகவே இருக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் மேலிருந்து கீழாக, விரற்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் ‘டக் டக்’ என்று கணீரென ஒலிக்கும், ஊறிய இடத்தில் ஓசை மந்தமாகும். அடுத்து எஞ்சினைப் பாதி தூக்கி வைத்து, அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் டிரான்சத்தைக் கவனிக்கட்டும். பலகை வளைந்தாலோ, போல்ட் ஓரத்தில் நீர் கசிந்தாலோ, மூலைகளில் விரிசல் விரிந்து மூடினாலோ அந்தப் படகை விட்டுவிடுங்கள். டிரான்சம் மாற்றுவது என்றால் எஞ்சினை இறக்கி, உள்பக்க ஃபைபரை வெட்டி, மக்கிய மரத்தைச் சுரண்டி, புது மரத்தை எபாக்சியில் ஒட்டி, மேலே மீண்டும் ஃபைபர் போட வேண்டும். கூலிக்கு விட்டால் மலிவுப் படகின் விலையையே அது விழுங்கிவிடும்.

தரையில் குதிகாலால் அழுத்தி நடந்து பாருங்கள். அமுங்கினால் அடியிலுள்ள நீளக் கட்டைகளும் மக்கியிருக்க வாய்ப்புண்டு. தரைக்கடியில் மிதவை நுரை அடைத்த படகு என்றால், முடிந்தால் எடைமேடையில் நிறுத்தி, டிரெய்லர், எஞ்சின், எரிபொருள் எடையைக் கழித்துத் தயாரிப்பாளர் சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். எடை பெரிதும் கூடியிருந்தால் நுரை நீர் குடித்திருக்கிறது. அலுமினியப் படகில் ரிவெட்தான் பலவீனம். டிரெய்லரில் வைத்து உள்ளே நான்கைந்து விரல் உயரத்துக்கு மட்டும் நீர் ஊற்றி அடியில் எங்கே சொட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் டிரெய்லர் தாங்காது.

எஞ்சினுக்கு வருவோம். நீங்கள் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்த எஞ்சின் தன் ஸ்டார்ட்டிங் கோளாறை மறைத்துவிடும். ஸ்டார்ட் செய்யும் முன்பே கியர் ஆயிலைப் பாருங்கள். ஓரிரவு நிமிர்ந்து நின்ற எஞ்சினில் நீர் அடியில் தங்கியிருக்கும், கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தினால் முதலில் அதுதான் வரும். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தாலும் சீல் போய்விட்டது என்று பொருள். ஸ்க்ரூவின் காந்த முனையில் பசை போல மெல்லிய துகள் ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில்லுகள் இருந்தால் கியர் பல் உடைந்திருக்கலாம்.

அடுத்தது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒயர்களை எஞ்சின் உடலோடு எர்த் செய்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு பிளக் துளையிலும் அழுத்தமானியை (கேஜ்) மாட்டி அதன் முள் உயராமல் நிற்கும்வரை எஞ்சினைச் சுற்றுங்கள். எர்த் செய்வதை விட்டுவிட வேண்டாம், வெளியேறும் பெட்ரோல் ஆவியில் பொறி விழும். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் எவ்வளவு என்பதே முக்கியம்: 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று சிலிண்டரில் 115, 112, 80 பிஎஸ்ஐ வந்தால், மூன்றாவதில் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கலாம். சிலிண்டர் ஹெட்டில் பெயின்ட் கருகியோ கொப்புளித்தோ இருந்தால் எஞ்சின் ஒருமுறையாவது அளவுமீறிச் சூடாகியிருக்கிறது.

நீரில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் ஹோஸ் மாட்டிக் கரையில் ஓடும் எஞ்சின், சுமை ஏறியதும் திணறலாம். முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். பல அவுட்போர்டுகளுக்கு வரம்பு 5000 முதல் 6000, சரியான எண் கையேட்டில் இருக்கும். அதைத் தொடவில்லை என்றால் ப்ரொப்பல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகம், அல்லது எஞ்சினுக்கு வலு இல்லை. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். ஆர்பிஎம் சட்டென ஏறி, படகு வேகம் எடுக்கவில்லை என்றால் ப்ரொப்பல்லரின் நடு ரப்பர் வழுக்குகிறது. இது சின்ன வேலைதான், விலை குறைக்கப் பயன்படும்.

ஆவணத்தில் உள்ள எண்ணும், படகிலும் எஞ்சினிலும் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம்.

வாங்கியாயிற்று என்றால், முன்னவர் என்ன சொல்லியிருந்தாலும் முதல் வேலை இம்பெல்லர் மாற்றுவது. குளிர்நீரை மேலே ஏற்றும் ரப்பர் சக்கரம் அது. நீரில்லாமல் சில நொடிகள் ஓடினாலே கருகத் தொடங்கும். ஆண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் கவலையில்லை. கியர் இணைப்பைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்து, லோயர் யூனிட்டை, அதாவது கியரும் ப்ரொப்பல்லரும் உள்ள அடிப்பகுதியை, நேராகக் கீழே இறக்குங்கள். பம்ப் உறையைத் திறந்து பழையதை எடுத்ததும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு மேலே குழாயில் எங்கோ அடைத்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மூடினால் எஞ்சின் சூடாகும். புதியதில் சோப்பு நீர் தடவி, உறையை அழுத்தியபடி ஷாஃப்ட்டை மேலிருந்து பார்க்கையில் கடிகாரச் சுற்றில் திருப்பினால் இதழ்கள் சரியான பக்கம் மடியும். திரும்ப மாட்டும்போது ஷாஃப்ட்டின் பக்கப் பற்களில் மட்டும் கிரீஸ் தடவுங்கள். உச்சியில் கிரீஸ் இருந்தால் ஷாஃப்ட் முழுதாக உள்ளே போய் உட்காராது. மாட்டியபின் பக்கவாட்டுத் துளையில் நீர் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சல் மெலிந்தால், பம்பைக் குறை சொல்லும் முன் துளையில் தடித்த தூண்டில் நரம்பை விட்டுப் பாருங்கள், உப்போ பூச்சிக் கூடோ அடைத்திருக்கலாம்.

கியர் ஆயிலை ஆண்டுக்கொரு முறை வடித்துவிட்டு, புதியதைக் கீழ்த் துளை வழியாகப் பம்பால் ஏற்றுங்கள், மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை. மேல் ஸ்க்ரூவை முதலில் மூடி, பிறகு பம்பை எடுத்துக் கீழ் ஸ்க்ரூவைப் போடுங்கள். வாஷர் இரண்டும் புதிது. அப்படியே ப்ரொப்பல்லரையும் கழற்றுங்கள். ஷாஃப்ட்டில் சுற்றிய தூண்டில் நரம்புதான் சீலை அறுத்துத் தண்ணீரை உள்ளே விடும் முதல் எதிரி.

உப்புநீரில் ஓடினால் ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் 10 நிமிடம் அலச வேண்டும். இயர்மஃப் (எஞ்சின் நீர் உறிஞ்சும் துளைகளில் ஹோஸோடு மாட்டும் ரப்பர் கப்) மாட்டினால் முதலில் நீர், பிறகு எஞ்சின். நிறுத்தும்போது முதலில் எஞ்சின், பிறகு நீர். அனோடு (மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டு) பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது. உப்புநீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம்.

எரிபொருள் பக்கம், டூ-ஸ்ட்ரோக்கில் 50:1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில். அது டிசி-டபிள்யூ3 (படகு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கான ஆயில் தரம்) ஆக இருக்கட்டும், மோட்டார் சைக்கிள் ஆயில் சாம்பல் படிய வைக்கும். சில பழைய எஞ்சின்கள் 25:1 கேட்கும், கையேட்டைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து நாளடைவில் அடியில் தனிப் படலமாகப் பிரியும், அதனால் 10 மைக்ரான் நீர்பிரிப்பு ஃபில்டர் கட்டாயம். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் எரிபொருள் ஹோஸைக் கழற்றி கார்புரேட்டர் காலியாகும்வரை ஓட்டி நிறுத்துங்கள். மெதுவோட்டத்தில் மட்டும் அணைந்துபோகும் எஞ்சின்களில் பாதிக்கு மேல் பழைய பெட்ரோல் பிசினாகி அடைத்த பைலட் ஜெட்தான் (மெதுவோட்டத்துக்கு எரிபொருள் விடும் கார்புரேட்டர் துளை) காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஓட்டத்தில் எஞ்சின் தளர்ந்தால் எரிபொருள் ஹோஸில் உள்ள கைப்பம்பை (பிரைமர் பல்பு) அமுக்குங்கள். உடனே மீண்டால் குறை எரிபொருள் வரத்தில். பல்பு சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளை மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிரெய்லர் பேரிங் ஓடி வந்த சூட்டோடு நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி நீரை உறிஞ்சும். கை வைத்துப் பார்த்து, சக்கரத்தின் நடுப்பகுதி (ஹப்) ஆறியபின் இறக்குங்கள். ஆண்டுக்கொரு முறை பிரித்து, நீர்ப்புகாத கிரீஸ் அடைத்து, பின்பக்க சீலை மாற்றுங்கள். அடித்துளை அடைப்பானின் உபரி ஒன்றை ஸ்டீயரிங் அருகிலேயே கட்டி வையுங்கள், கில் கார்டை (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கயிறு) எஞ்சினைத் தொடும் முன் மணிக்கட்டில் மாட்டுங்கள்.