மோரா கேள்வி பதில்: காப்பி வியாபாரி, போர்க்கால அதிபர்

கோஸ்டா ரிக்கா அதிபர் ஹுவான் ரஃபாயேல் மோரா பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மோரா வேறு, மொராசான் வேறு. மொராசான் அவருக்கு முந்தைய மத்திய அமெரிக்கத் தலைவர், 1842-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

கே: காப்பி வியாபாரிக்குப் போர் எதற்கு?

1855-இல், தனிப்படையோடு நாடு பிடிக்கக் கிளம்பிய அமெரிக்கரான வில்லியம் வாக்கர் 58 பேருடன் பக்கத்து நாடான நிகரகுவாவில் இறங்கினார். கூப்பிட்டது உள்நாட்டுச் சண்டையில் தவித்த அந்நாட்டு லிபரல் கட்சியினர்தான். அக்டோபரிலேயே கிரானடா நகரம் அவர் கையில். அடுத்தது நம் வீடு என்று மோராவுக்குப் புரிந்தது. 1856 மார்ச்சில் படை திரட்டினார். கோஸ்டா ரிக்காவுக்குள் வந்துவிட்ட வாக்கர் ஆட்களைச் சாந்தா ரோசா பண்ணையில் விரட்டிய சண்டை கால் மணி நேரம்கூட ஓடவில்லை. ஏப்ரல் 11, நிகரகுவாவின் ரிவாஸ் நகரம்: வெற்றி, ஆனால் பிணக்குவியல். அடுத்து வந்தது காலரா. ஊர் திரும்பிய சிப்பாய்களோடு அதுவும் போனது. ஏறக்குறைய 10,000 பேர் செத்தார்கள், நாட்டில் பத்தில் ஒருவர் என்று வையுங்கள். துணை அதிபர் ஒரேயாமுனோவும் போனார்.

கே: மோராவைச் சுட்டது 1842-இல்தானே?

மொராசானை.

கே: ரிவாஸில் வாக்கர் ஆட்கள் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்த சிப்பாய் ஹுவான் சாந்தாமரியா கட்டுக்கதையாமே?

இல்லை. அவர் அம்மா 1857-இல் பென்ஷன் கேட்டுப் போட்ட மனு இருக்கிறது. சிலைதான் 1891 வரை தாமதம்.

கே: வாண்டர்பில்ட் பணம் இல்லாவிட்டால் மோரா ஜெயித்திருப்பாரா?

அமெரிக்கக் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட் நிகரகுவாவில் நடத்திய கப்பல் கம்பெனியை வாக்கர் பறித்தார், அதனால் வாண்டர்பில்டுக்குப் பகை. வாண்டர்பில்டின் ஆள் ஸ்பென்சர் வழிகாட்டினார், சரி. ஆனால் சான் ஹுவான் ஆற்றில் இறங்கி நீராவிப் படகுகளைப் பிடித்தது கோஸ்டா ரிக்கா சிப்பாய்கள். அதோடு வாக்கருக்கு அந்த வழியாக வந்த ஆளும் குண்டும் நின்றது.

கே: அப்படியானால் வாண்டர்பில்டின் போர்தானே?

காலராவில் செத்தவர்களில் அவருடைய ஆட்கள் எத்தனை பேர்? யாருடைய போர் என்று அப்புறம் பேசலாம்.

கே: வாண்டர்பில்ட் இல்லாவிட்டால்...

மேலே படியுங்கள்.

கே: மொராசான் ஏன் வாக்கரோடு மோதினார்?

அவர் இறந்து 13 வருஷம் கழித்துத்தான் வாக்கர் வந்தார்!

கே: ஜெயித்தவரைச் சொந்த நாடே ஏன் சுட்டது?

வங்கி தொடங்கப் பார்த்தார். விவசாயிக்குக் கடன் கொடுத்துக் காப்பியை வளைத்த பெரிய முதலாளிகள் அதை விடுவார்களா? 1859 ஆகஸ்டில் கவிழ்த்தார்கள். அடுத்த வருஷம் எல் சால்வடோரிலிருந்து திரும்பி வந்தவரைச் செப்டம்பர் 30-இல் புந்தாரெனாஸில் சுட்டார்கள். ஹோண்டுராஸில் வாக்கரைச் சுட்டு அப்போது 18 நாள்தான் ஆகியிருந்தது.

கே: கோஸ்டா ரிக்காவின் முக்கிய விமான நிலையத்துக்கு மோரா பெயரா?

சாந்தாமரியா பெயர். மோராவுக்கு நாடாளுமன்றம் 'விடுதலை வீரர்' பட்டம் தந்ததே 2010-இல்தான்.