ஒரு என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி, புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த வீரரைத் தேடும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும் என்பது என் பதில். எந்த வீரர் என்பதைச் சொல்வது கடினம். ஆனால் களத்தில் எந்த இடத்துக்கு, அதாவது எந்தப் பொறுப்புக்கு ஆள் தேடுவார்கள், எதை முதல் சுற்றில் தேடுவார்கள், எதற்கு மூன்றாம் சுற்று வரை காத்திருப்பார்கள் என்பதைப் பொறுமையாகக் கவனித்தால் சொல்லிவிடலாம். நான் மில்வாக்கியில் வசிக்கிறேன். கிரீன் பே பேக்கர்ஸ் என் அணி. ஒவ்வோர் ஏப்ரலிலும் டிராஃப்டுக்கு முந்தைய இரவு, ஒரு நோட்டில் மூன்று இடங்களை மட்டும் எழுதி வைப்பேன். பல ஆண்டுகள் தவறாக எழுதியிருக்கிறேன். அந்தத் தவறுகளிலிருந்து கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்துக்குப் புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும், கோப்பை வென்ற அணி ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் தேர்ந்தெடுக்கும். கல்லூரியில் ஆடி முடித்த வீரர்கள்தான் தேர்வுக்கு வருவார்கள். அணிகள் தங்கள் தேர்வு வாய்ப்பைப் பிற அணிகளுடன் மாற்றிக்கொள்ளலாம். 2025-இல் மொத்தம் 257 வீரர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

2020 ஏப்ரல் 23-ஆம் தேதி இரவை நான் மறக்கமாட்டேன். பெருந்தொற்றுக் காலம். லீக்கின் ஆணையர் ரோஜர் குடெல் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தபடி பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் பேக்கர்ஸ் இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்னால் சான் பிரான்சிஸ்கோவிடம் தோற்றிருந்தது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸுக்கு டவான்டே ஆடம்ஸைத் தவிர நம்பிப் பந்து எறிய ஆளில்லை என்று எல்லோரும் பேசினார்கள். நானும் நோட்டில் "வைட் ரிசீவர்" (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன். அணி 30-ஆம் இடத்திலிருந்து 26-க்கு முன்னேறியது. எடுத்தது ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை. அந்த ஆண்டு அணி எடுத்த ஒன்பது பேரில் ஒரு ரிசீவர்கூட இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கே தவறினேன்? கடந்த சீசனில் அணியில் கண்ட ஓட்டையை மட்டும் பார்த்தேன். பொது மேலாளர் பிரையன் குட்டகுன்ஸ்ட் பார்த்தது வேறு கணக்கு. ராட்ஜர்ஸுக்கு அப்போது வயது 36. இதே அணி 2005-இல், அப்போதைய குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வுக்கு 35 வயதாக இருந்தபோது, 24-ஆம் தேர்வில் ராட்ஜர்ஸை எடுத்து மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்கார வைத்து 2008-இல் களமிறக்கியது. லவும் மூன்று ஆண்டுகள் காத்திருந்து 2023-இல் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனார். 2005-ஐ நினைவில் வைத்திருந்தவர்களுக்கு 2020 அவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது தேர்ந்தெடுக்கும் மனிதரின் பழக்கம். பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பேட்டிகளில் எல்லோரும் இனிமையாகப் பேசுவார்கள். தேர்வுப் பட்டியல் மட்டும் அப்படியே இருக்கும். ஒரு மேலாளரின் பத்தாண்டுத் தேர்வுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 2012 முதல் 2023 வரை பேக்கர்ஸ் முதல் சுற்றில் எடுத்தவர்களில் லவைத் தவிர அனைவரும் தற்காப்பு வீரர்கள். முதல் சுற்றில் கடைசியாக ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) எடுத்தது 1990-இல். டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) எடுத்தது 2000-இல். இப்படி ஒரு தாள் கையில் இருந்தால், "இந்த ஆண்டு முதல் சுற்றில் ரன்னிங் பேக்" என்று யாராவது உறுதியாகச் சொல்லும்போது மயங்க மாட்டீர்கள்.

தாக்குதல் வரிசையிலும் ஒரு பழக்கம் உண்டு. கல்லூரியில் டேக்கிளாக, அதாவது வரிசையின் ஓரத்தில் நின்று ஆடியவர்களை எடுத்து, தேவைப்பட்டால் உள்ளே கார்டாக மாற்றிக்கொள்வார்கள். ஜோஷ் சிட்டன், டி.ஜே. லாங் காலத்திலிருந்து ஷான் ரையான், ஜோர்டன் மார்கன், ஆன்டனி பெல்டன் வரை இதே கதைதான். பேக்கர்ஸுக்குக் கார்டு தேவை என்று தெரிந்தால் நான் டேக்கிள்களின் பட்டியலைத்தான் திறப்பேன்.

ஆனால் பழக்கத்தை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். எனக்கு இது புரியப் பல ஆண்டுகள் ஆயிற்று. 2002-இல் ஜாவோன் வாக்கரை எடுத்தபின் 2024 வரை பேக்கர்ஸ் முதல் சுற்றில் ரிசீவரைத் தொடவே இல்லை. கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், ராண்டல் காப், டவான்டே ஆடம்ஸ் நால்வருமே இரண்டாம் சுற்றில் வந்தவர்கள். "இவர்களுக்கு ரிசீவர் மீது நம்பிக்கையில்லை" என்ற பேச்சு எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்லா மதுக்கடைகளிலும் கேட்கும். நானும் அதை நம்பினேன். பிறகு பழைய டிராஃப்ட் வரிசைகளை எண் எண்ணாகப் பார்த்தேன். 2020-இல் முதல் 25 தேர்வுகளுக்குள் ஆறு ரிசீவர்கள் போய்விட்டார்கள். ஆறாமவர் பிராண்டன் ஐயுக், சரியாக 25-இல். பேக்கர்ஸ் எடுத்தது 26-இல். 2022-இல் 8 முதல் 18 வரைக்குள்ளேயே ஆறு ரிசீவர்கள் போனார்கள். பேக்கர்ஸின் முதல் தேர்வு 22. அந்த இரண்டு ஆண்டுகளிலும் முன்னேறிச் செல்ல விலை கொடுத்திருக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் நாம் கொள்கை என்று நினைத்ததில் ஒரு பாதி, சந்தையில் சரக்கு தீர்ந்துபோனதுதான்.

2022-ஐ இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த மார்ச்சில் ஆடம்ஸை லாஸ் வேகாஸுக்குக் கொடுத்து 22, 53 ஆகிய இரண்டு தேர்வுகளை வாங்கினார்கள். ஆடம்ஸே 2014-இல் 53-ஆம் தேர்வில் வந்தவர். 22-இல் குவே வாக்கர் என்ற லைன்பேக்கர் (தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்), 28-இல் டெவான்டே வையட் என்ற தற்காப்பு டேக்கிள் (தற்காப்பு முன்வரிசையின் நடுவில் நிற்பவர்). ரிசீவர் வேண்டும் என்று ஊரே கத்திக்கொண்டிருந்தது. மறுநாள் அந்த 53-ஐயும் தங்கள் 59-ஐயும் பரம எதிரியான மினசோட்டாவிடம் கொடுத்து 34-க்கு ஏறி கிறிஸ்டியன் வாட்சனை எடுத்தார்கள். தேவையை அவர்கள் மறக்கவில்லை. தரமும் விலையும் எந்த இடத்தில் பொருந்துகின்றன என்று காத்திருந்தார்கள். இதற்குப் பிறகு நான் அணியின் தேவையோடு, அந்த ஆண்டு கல்லூரிகளிலிருந்து வரும் ஒவ்வோர் இடத்துக்குமான சரக்கையும் சேர்த்தே பார்க்கிறேன். ஓர் இடத்தில் முதல் தர வீரர்கள் ஐந்து பேர் இருந்து, நம் அணி 20-க்குப் பின்னால் நின்றால், அந்த இடம் முதல் சுற்றில் கிடைக்காது என்றே எழுதுவேன்.

இதை வைத்து 2025-இல் நோட்டில் ரிசீவர் என்று எழுதினேன். வாட்சன் ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்திருந்தார். அவருடைய ஒப்பந்தமும், ரோமியோ டூப்ஸின் ஒப்பந்தமும் அந்த ஆண்டோடு முடிவதாக இருந்தன. 23-ஆம் தேர்வு வரும்வரை ரிசீவர்கள் பக்கம் பெரிய ஓட்டம் நடக்கவில்லை. டிராஃப்ட் அந்த ஆண்டு கிரீன் பேயிலேயே நடந்தது. இரண்டு மணி நேரம் காரோட்டிப் போய்க் கூட்டத்தில் நின்றேன். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். மூன்று நாட்களில் ஆறு லட்சம் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். ஓய்வுபெறவிருந்த அணித் தலைவர் மார்க் மர்ஃபி மேடையேறி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மாத்யூ கோல்டன் என்று வாசித்தபோது எழுந்த ஆரவாரம் என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. 23 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் சுற்றில் ஒரு ரிசீவர். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

ஒப்பந்தங்களைப் பற்றிச் சொன்னேன். என் அனுபவத்தில் இதைப் போல உதவும் தகவல் வேறில்லை, இதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கவும் முடியும். ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தமும் எந்த ஆண்டு முடிகிறது என்று இடவாரியாக எழுதுங்கள். இந்த ஆண்டு காலியாகும் இடங்களை மார்ச் மாதத்தில் வெளிச்சந்தை வீரர்களை, அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவர்களைக் கொண்டு ஓரளவு அடைத்துவிடுவார்கள். டிராஃப்டில் எடுப்பது பெரும்பாலும் அடுத்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் காலியாகப் போகிற இடங்களுக்கு. புதிதாக வரும் இருபத்தொரு வயதுப் பையன் முதல் நாளே ஆடத் தயாராக இருப்பான் என்று எந்த நல்ல மேலாளரும் கணக்குப் போடமாட்டார்.

இதனுடன் பணமும் சேர்கிறது. 2011-இல் லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே வந்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, டிராஃப்ட் வீரரின் சம்பளத்தை அவர் எத்தனையாவது தேர்வு என்பதே ஏறக்குறைய முடிவு செய்துவிடும். எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது கணக்கில் வராது. கோல்டனின் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு இரண்டு கோடி டாலருக்கும் குறைவு. அதே வசந்தத்தில் சின்சினாட்டியின் ரிசீவர் ஜமார் சேஸ் பெற்ற புதிய ஒப்பந்தம் ஆண்டுக்கு நான்கு கோடி டாலருக்கு மேல். வெளிச்சந்தையில் எந்த இடத்துக்கு விலை அதிகமோ அந்த இடத்தை முதல் சுற்றில் எடுப்பதுதான் லாபம். குவார்ட்டர்பேக், டேக்கிள், எதிரணிக் குவார்ட்டர்பேக்கை விரட்டும் எட்ஜ் வீரர், எதிரணி ரிசீவர்களை மறிக்கும் கார்னர்பேக், ரிசீவர் ஆகியவை முதல் சுற்றில் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம். தற்காப்பின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டியும், லைன்பேக்கரும் ரன்னிங் பேக்கும் இரண்டாம் நாளுக்கு, அதாவது இரண்டாம், மூன்றாம் சுற்றுகளுக்குத் தள்ளப்படுவதும் இதனால்தான்.

எல்லாம் ஒன்றாகக் கூடி வந்த ஆண்டு என்று 2024-ஐச் சொல்வேன். தற்காப்புப் பயிற்சியாளர் ஜோ பேரி போய், பாஸ்டன் கல்லூரியிலிருந்து ஜெஃப் ஹாஃப்லி வந்தார். முன்வரிசையில் மூவர் நின்ற ஏற்பாடு மாறி நால்வர் நிற்கும் ஏற்பாடு வந்தது. இதனால் நடுவில் ஆடும் லைன்பேக்கர்கள் இருவருக்குப் பதில் மூவர் தேவை. அந்த நேரத்தில் டிவாண்ட்ரே கேம்ப்பெல்லை அணி விடுவித்தது. டார்னெல் சாவேஜ் உள்ளிட்ட மூன்று சேஃப்டிகளின் ஒப்பந்தங்கள் முடிந்தன. சேவியர் மெக்கின்னி ஒருவரை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். நீண்ட காலம் இடது டேக்கிளாக இருந்த டேவிட் பாக்தியாரியும் விடுவிக்கப்பட்டார். நோட்டில் டேக்கிள், லைன்பேக்கர், சேஃப்டி என்று எழுதினேன். நடந்தது இதுதான்: முதல் சுற்றில் மார்கன், டேக்கிள். இரண்டாம் சுற்றில் எட்ஜெரின் கூப்பர், லைன்பேக்கர். ஜாவோன் புல்லார்ட், சேஃப்டி. மூன்றாம் சுற்றில் இன்னொரு லைன்பேக்கர். நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் மேலும் இரண்டு சேஃப்டிகள். அந்தப் பக்கத்தை மட்டும் நான் இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பயிற்சியாளர் மாற்றத்தைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். புதிய ஆட்டத்திட்டம் வரும்போது பழைய திட்டத்துக்கு நன்றாகப் பொருந்திய வீரர் திடீரென்று பொருந்தாதவர் ஆகிவிடுவார். காகிதத்தில் ஓட்டை தெரியாது, ஆனால் ஓட்டை இருக்கும்.

ஏப்ரல் மாதத்துச் செய்திகளை நான் அதிகம் மதிப்பதில்லை. எந்த அணியும் தன் உள்ளக்கிடக்கையைச் செய்தியாளரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பொய்த் தகவல் பரப்ப நிறையக் காரணங்கள் உண்டு. அணிகள் தங்கள் இடத்துக்கு அழைத்துப் பேசும் முப்பது வீரர்களின் பட்டியலை மட்டும் பார்ப்பேன். அதிலும் பெயர்களைவிட, ஒரே இடத்துக்கு எத்தனை பேரை அழைத்தார்கள் என்பதைப் பார்ப்பேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியாக ஒரு சோதனை. 2025 சீசன் தொடங்கியிருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். ஆகஸ்ட் 28-இல் பேக்கர்ஸ் தற்காப்பு டேக்கிள் கென்னி கிளார்க்கையும் 2026, 2027 முதல் சுற்றுத் தேர்வுகளையும் டாலஸுக்குக் கொடுத்து எட்ஜ் வீரர் மைக்கா பார்சன்ஸை வாங்கியது. அவருக்கு ஆண்டுக்குச் சராசரி 4.7 கோடி டாலர். ஆகவே 2026-இல் முதல் சுற்று இல்லை, வெளிச்சந்தையில் செலவழிக்கப் பணமும் குறைவு. கார்னர்பேக் ஜயர் அலெக்சாண்டர் ஜூனில் விடுவிக்கப்பட்டார். 2025 டிராஃப்டில் எடுத்த ஒரே கார்னர்பேக் ஏழாம் சுற்றில் வந்தவர். இன்னொரு கார்னர்பேக்கான கீஷான் நிக்சனின் ஒப்பந்தம் 2026-உடன் முடிகிறது. கிளார்க் போன இடத்தில் முன்வரிசை நடுவில் அனுபவம் மெலிந்துவிட்டது. இடது டேக்கிள் ரஷீத் வாக்கரின் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது, ஆனால் அந்த இடத்துக்கு மார்கன் ஏற்கெனவே கையில் இருக்கிறார்.

எனவே நோட்டில் இப்போதே எழுதிவிட்டேன்: இரண்டாம் சுற்றில் கார்னர்பேக், மூன்றில் தற்காப்பு டேக்கிள், நான்கில் கல்லூரி டேக்கிள் ஒருவர், பின்னர் கார்டாக மாறப்போகிறவர். மார்ச்சில் வெளிச்சந்தையிலிருந்து பெயர் பெற்ற கார்னர்பேக் ஒருவரை எடுத்தால் முதல் இரண்டையும் இடம் மாற்றுவேன். மற்றதை மாற்றப் போவதில்லை.