தூறலிலும் வெயிலிலும் பிள்ளையை வெளியே விளையாட விடலாமா?

கேள்வி: என் மகள் 3ஆம் வகுப்பு படிக்கிறாள். மதிய இடைவேளையில் வெயிலானாலும் தூறலானாலும் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவளுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. வகுப்பறையிலேயே உட்கார வைக்கும்படி மருத்துவச் சான்றிதழ் தருவீர்களா? (வாசகி, தாம்பரம்)

பதில்: தர மாட்டேன். சளியைத் தருவது வைரஸ், மழைத்துளி அன்று. ஜன்னல் சாத்திய அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போதுதான் அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் தொற்றுகிறது. தூறலில் நனைந்தால் தலையைத் துவட்டிச் சட்டையை மாற்றினால் போதும். மேலும், பகல் வெளிச்சத்தில் போதிய நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைவு என்பதால், தைவானில் 2010 முதலே நாளொன்றுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியே இருக்கச் சொல்கிறார்கள். இங்கோ விளையாட்டு வகுப்பையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார்.

வெயிலில் மட்டும் நீங்கள் கவலைப்படுவது நியாயம். சென்னைப் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆகவே கோடையில் 12 மணி முதல் 3 மணி வரை மர நிழலோ கூரையோ இருந்தால் மட்டுமே வெளியே விடலாம். தலைவலி, குமட்டல் என்றால் நிழலுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியால் துடைத்து நீர் கொடுக்க வேண்டும். பேச்சுக் குழறினால் உடலைக் குளிர்வித்தபடியே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பிள்ளைகள் நீர் குடிக்க 2025இல் ‘வாட்டர் பெல்’ அடிக்கும்படி தமிழகப் பள்ளிக் கல்வித்துறை சொல்லிவிட்டது, நல்லது. ஆனால் கழிப்பறை நாறினால் எந்தப் பெண் குழந்தை நீர் குடிக்கும் என்பதை எந்தச் சுற்றறிக்கையும் கேட்பதில்லை.

வெயிலில் உடலின் நீர் வற்றிவிடும் என்ற அச்சத்தை வைத்துத்தான் கடைக்காரர்கள் வண்ண அட்டைப்பெட்டிப் பானங்களை ‘ஓஆர்எஸ்’ (வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசல்) என்று தலையில் கட்டினார்கள். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே, 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத பானங்களில் அப்பெயரைப் போடக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. உண்மையான கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும். அப்பானங்களில் சர்க்கரை பல மடங்கு. சாதாரண விளையாட்டுக்கு ஓஆர்எஸ்ஸே தேவையில்லை. தண்ணீரோ மோரோ கொடுத்தனுப்புங்கள்.

கண்டிப்பாக உள்ளே இருக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு, அது இடி. மழை பெய்யாவிட்டாலும், வானம் பாதி வெளுத்திருந்தாலும், இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அப்போது வேப்பமரத்தடியோ, சுவரில்லாத தகரக் கொட்டகையோ, கொடிக்கம்பத்தின் அருகோ ஒதுங்கக் கூடாது. கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை, பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும், ஒருவரையும் வெளியே விடக் கூடாது.

பள்ளிக்குக் கடிதம் எழுதுவதானால், கோடையில் விளையாட்டு வகுப்பைக் காலை முதல் பாடவேளைக்கு மாற்றும்படியும் கழிப்பறையைக் கழுவும்படியும் எழுதுங்கள். மற்ற பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்; தனிக் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்கள்.