கூர்முனை நிப்பில் எழுதப் பழகுகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மையில் தோய்த்து எழுதும் கூர்முனை நிப்போடு எனக்கு 12 வருடப் பழக்கம், அதில் 7 வருடமாகப் பிறருக்கும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்கு நீளமாகத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

கேள்வி: அக்கா, பட்டை நிப்பில் எழுதினாலும் தடித்தும் மெலிந்தும் கோடு வருகிறது. கூர்முனையில் அப்படி என்ன வித்தியாசம்?

பட்டை நிப்பில் அந்த வேலையைக் கோணம் செய்கிறது. நிப்பை ஒரே சாய்வில் பிடித்துக்கொண்டால் ஒரு திசையில் அகலமாகவும் இன்னொரு திசையில் மெல்லியதாகவும் தானாகவே விழும். கூர்முனையில் எல்லாம் அழுத்தம்தான். முனையிலிருந்து மேலே போகும் பிளவைப் பாருங்கள், அதன் இரண்டு பக்கமும் இரண்டு கால்கள். அழுத்தினால் கால்கள் விரிந்து நடுவில் மை இறங்கும், அதுதான் ஷேட். அழுத்தத்தை எடுத்தால் கால்கள் சேர்ந்து மயிரிழை போல ஒரு கோடு, அது ஹேர்லைன். கை கீழ்நோக்கி வரும்போது மட்டும் அழுத்தம், மேலே போகும்போது காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் போகவேண்டும். இந்த ஒன்றைத்தான் மாதக்கணக்கில் பழகப்போகிறீர்கள்.

கேள்வி: முதலில் என்னென்ன வாங்கவேண்டும்? பெரிய செட்டாக ஒன்று வாங்கிவிடலாமா மேடம்?

செட் வேண்டாம். அதில் வரும் பத்துப் பன்னிரண்டு நிப்களில் பாதிக்கு மேல் நீங்கள் தொடவே போவதில்லை. நிக்கோ ஜி நிப் மூன்று, நிப்பைச் செருகிப் பிடிக்க ஒரு ஹோல்டர், ஒரு புட்டி மை, வழவழப்பான காகிதம், இவ்வளவு போதும். ஜீப்ரா ஜி கிடைத்தாலும் சரி. இவை கொஞ்சம் விறைப்பான நிப்கள், தொடக்கத்தில் எல்லோருக்கும் கை கனமாகத்தான் இருக்கும், அந்தக் கனத்தை இவை தாங்கும். ஹன்ட் 101, கில்லட் 303, லெனார்ட் பிரின்சிபல் மூன்றும் அழகான நிப்கள்தான், ஆனால் அவ்வளவு மெல்லிய முனையோடு முதல் வாரத்திலேயே போராடினால் காகிதமும் கிழியும், ஆசையும் போய்விடும். நான் அப்படித்தான் தொடங்கினேன். யாரோ பரிந்துரைத்தார்கள் என்று மிக நெகிழ்வான ஒரு நிப்பை வாங்கி, இரண்டு மாதம் எனக்குக் கை வராது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நிப்பை மாற்றிய அன்றைக்குத்தான் குறை முழுக்க என் கையில் இல்லை என்று புரிந்தது.

கேள்வி: ஆப்ளிக் ஹோல்டர் கட்டாயமா? எனக்கு இடதுகைப் பழக்கம்.

ஷேட் ஒழுங்காக விழ, நிப்பின் பிளவு நீங்கள் இழுக்கிற கோட்டின் திசையிலேயே இருக்கவேண்டும். நாம் பழகப்போகும் சாய்ந்த ஆங்கில எழுத்துமுறையான காப்பர்பிளேட்டின் சாய்வு அடிக்கோட்டிலிருந்து 55 பாகை. வலதுகைக்காரர்கள் நேர் ஹோல்டரில் அந்தச் சாய்வைப் பிடிக்க மணிக்கட்டை முறுக்கவேண்டும், இல்லாவிட்டால் காகிதத்தை நன்றாகத் திருப்பவேண்டும். ஆப்ளிக் ஹோல்டரில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தகடு, அதாவது ஃப்ளேஞ்ச், நிப்பைச் சாய்வாகப் பிடித்துக்கொள்வதால் கை இயல்பாக இருக்கும். இடதுகைக்காரர்களில் வரிக்குக் கீழே கையை வைத்து எழுதுகிறவர்களுக்கு நேர் ஹோல்டரே போதும், பிளவு தானாகவே சாய்வுக்கு அருகில் வந்துவிடும். கையை வரிக்கு மேலே வளைத்து எழுதுகிற பழக்கம் இருந்தால் காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்து உங்களுக்கான கோணத்தைக் கண்டுபிடியுங்கள். சிலர் காகிதத்தை 90 பாகை திருப்பி வைத்தும் அருமையாக எழுதுகிறார்கள்.

கேள்வி: புது நிப்பில் மை நிற்கவே மாட்டேன் என்கிறது, முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. நிப் கெட்டதா?

நிப் நல்லதுதான். துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சோடு வரும், அதை எடுக்கவேண்டும். பழைய பல் துலக்கியில் கொஞ்சம் பற்பசை வைத்து இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். மையில் தோய்த்தால் முழுப் பரப்பிலும் ஒரே சீராகப் படியவேண்டும், படியாவிட்டால் இன்னொரு தடவை தேயுங்கள். தீயில் காட்டுகிறவர்களும் உண்டு. கொஞ்சம் கூடுதலாகச் சூடானால் எஃகின் பதம் போய்விடும் என்பதால் நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

கேள்வி: வீட்டில் ஃபவுண்டன் பேனா மை இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமா?

அது நீர்த்த மை. அழுத்தியதும் மொத்தமாக இறங்கிக் குளமாக நிற்கும். கம் அரபிக் என்ற மரப்பிசின் கரைசல் சில துளி சேர்த்தால் கொஞ்சம் பிடித்து நிற்கும், பழகுவதற்கு அது போதும். ஆனால் இன்னொரு புட்டி வாங்க முடிந்தால் வால்நட் இங்க் வாங்குங்கள், தொடக்கக்காரர்களிடம் அது மிகவும் பொறுமையாக நடந்துகொள்ளும். பழுப்பு நிறத்தில் மை எங்கே கூடியது எங்கே குறைந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியும். சுமி இங்க் நல்ல கருப்பு, புட்டியைத் திறந்து வைத்தால் கெட்டியாகிக்கொண்டே போகும், அப்போது காய்ச்சி வடித்த தண்ணீர் ஓரிரு துளி விடவேண்டும். அயர்ன் கால் மையில் வருகிற மாதிரி மெல்லிய ஹேர்லைன் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் படப்படக் கருக்கும். ஆனால் அது அமிலத்தன்மை உள்ளது, நிப்பை அரிக்கும், எழுதிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி துடைக்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தியன் இங்க் போன்ற, காய்ந்தால் கரையாத மைகளை மறந்தும் ஃபவுண்டன் பேனாவுக்குள் ஊற்றாதீர்கள். உள்ளே காய்ந்தால் அடைத்துக்கொண்டுவிடும்.

கேள்வி: அழுத்தி இழுக்கும்போது நடுவில் மை இல்லாமல், தண்டவாளம் மாதிரி இரண்டு கோடாக வருகிறது.

கால்கள் விரிந்த அளவுக்கு மை வந்து சேரவில்லை. நிப்பில் மை தீர்ந்திருக்கலாம், மை கெட்டியாக இருக்கலாம், அல்லது வேகமாக இழுக்கிறீர்கள். என் மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவதுதான் காரணம். நிப்பின் நடுவில் இருக்கும் துளை மூழ்கும் வரை தோய்த்து, புட்டியின் விளிம்பில் லேசாகத் தொட்டு மிகுதியை விட்டுவிட்டு எழுதுங்கள், பாதி வேகத்தில்.

கேள்வி: மேலே போகும் கோட்டில் நிப் காகிதத்தைக் கிழிக்கிறது, திடீரென்று மை தெறிக்கிறது. மூன்று வாரமாக இதே கதைதான். விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது அக்கா.

விடாதீர்கள். இதற்குக் காரணம் நாலைந்து இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் கை. ஷேட் முடிந்து வளைவில் திரும்பும்போது அழுத்தத்தை முழுதாக விடாமலேயே மேலே போகத் தொடங்கிவிடுகிறோம். கால்கள் இன்னும் கொஞ்சம் விரிந்திருக்கும், முனை காகிதத்தின் நாரில் மாட்டும், கை தள்ளும், மாட்டியது விடுபடும்போது வில் மாதிரித் தெறிக்கும். இதற்குச் செய்யவேண்டியது, வளைவின் அடிக்கு வருவதற்கு முன்பே அழுத்தத்தை விட்டுவிடுவது. அடியைத் தொடும்போது கோடு ஏற்கெனவே மெலிந்திருக்கவேண்டும். அங்கே ஒரு கணம் நின்று, கால்கள் சேர்ந்துவிட்டனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு மேலே போங்கள். நிற்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக நிற்கலாம், நிப்பைத் தூக்கியும் வைக்கலாம். இந்தக் கலையில் ஓர் எழுத்துக்குள்ளேயே இரண்டு மூன்று முறை நிப்பைத் தூக்குவது சாதாரணம். ஒரே மூச்சில் வார்த்தை முழுவதும் எழுதுவதுதான் திறமை என்ற எண்ணத்தை விட்டுவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இரண்டாவது, ஹோல்டரை எவ்வளவு நிமிர்த்திப் பிடிக்கிறீர்கள் என்பது. பால்பாயிண்ட் பேனா மாதிரி நிமிர்த்தினால் முனை குத்தும். நன்றாகத் தாழ்த்துங்கள்.

மூன்றாவது, நிப் பொருந்தியிருக்கும் விதம். ஆப்ளிக் ஹோல்டரின் தண்டை மனதுக்குள் ஒரு கோடாக நீட்டிப் பாருங்கள், நிப்பின் முனை அந்தக் கோட்டின்மேல் வரவேண்டும். ஒரு ஷேட் இழுத்து அதன் இரண்டு ஓரத்தையும் கவனியுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பிசிறாகவும் இருந்தால் இரண்டு காலும் சமமாக விரியவில்லை, பிளவு கோட்டின் திசையில் இல்லை. காகிதத்தைக் கொஞ்சம் திருப்புங்கள்.

நான்காவது, காலுக்கு நடுவில் நார் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம், வெறும் மேசைமேல் ஒற்றைத் தாளை வைத்து எழுதாதீர்கள். அடியில் நாலைந்து தாள் வைத்தால் நிப்புக்குக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி: எத்தனை ஜிஎஸ்எம் காகிதம் வாங்கவேண்டும்?

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பது, அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எடை கூடிய காகிதமும் மையை உறிஞ்சிப் பரவவிடும், மெல்லிய காகிதமும் அருமையாக நிற்கும். மேற்பரப்பு எப்படிப் பதப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். ரோடியா நோட்டுகள் 80 ஜிஎஸ்எம்தான், ஹேர்லைன் அதில் கத்தி மாதிரி நிற்கும். வாட்டர்கலர் காகிதம் சொரசொரப்பானது, இப்போதைக்கு அது வேண்டாம்.

கேள்வி: நேராக எழுத்துகளையே எழுதிப் பழகலாமா? இல்லை, அந்தக் கோடுகளைப் போட்டுத்தான் ஆகவேண்டுமா?

கோடுகளைத்தான். காப்பர்பிளேட்டின் சிற்றெழுத்துகளை ஏழெட்டு அடிப்படைக் கோடுகளாகப் பிரித்துவிடலாம். அடியில் வளைவது, மேலே வளைவது, இரண்டும் சேர்ந்தது, முட்டை வடிவம், மேல் வளையம், கீழ் வளையம், இப்படி. இவை வந்துவிட்டால் எழுத்து என்பது அவற்றை இடைவெளி பார்த்து அடுக்குவதுதான். நடு உயரம் 6 மில்லிமீட்டர் வைத்து, மேலே 9, கீழே 9 என்று 3:2:3 விகிதத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், 55 பாகைச் சாய்கோடுகளோடு. வழிகாட்டிக் கோடு இல்லாமல் எழுதிப் பார்ப்பது இப்போதைக்கு வேண்டாம், நான் இன்றைக்கும் கோடு போட்டுத்தான் எழுதுகிறேன். நாளுக்கு 20 நிமிடம் போதும். எழுதி முடித்ததும் சிவப்புப் பென்சிலால் சாய்வு தவறிய இடங்களைக் குறித்துவையுங்கள், அடுத்த நாள் அதை மட்டும் எழுதுங்கள். பக்கம் பக்கமாகக் கவனிக்காமல் எழுதினால் தவறுதான் கையில் பதியும்.

கேள்வி: எனக்குச் சாதாரணக் கையெழுத்தே மோசமாக இருக்கும்.

இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. இது கோடு கோடாக வரைவது. தைரியமாகத் தொடங்கு.

கேள்வி: காப்பர்பிளேட், ஸ்பென்சீரியன், எது முதலில்?

காப்பர்பிளேட். ஒவ்வொரு கீழ்க்கோட்டிலும் ஷேட் இருப்பதால் அழுத்தம் கைக்குப் பழகும். அமெரிக்கரான பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் (1800–1864) உருவாக்கிய ஸ்பென்சீரியனில் சாய்வு 52 பாகை, ஷேட் அங்கங்கே மட்டும்தான் வரும், கை முழுவதும் அசைந்து ஓடவேண்டும், அந்த மென்மை பிறகு வரட்டும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லவேண்டும். காப்பர்பிளேட் என்ற பெயரே செப்புத் தகட்டிலிருந்து வந்ததுதான். 18ஆம் நூற்றாண்டில் எழுத்தாசிரியர்கள் இறகுப் பேனாவில் எழுதியதை, செதுக்குபவர்கள் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டார்கள். ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை அப்படிச் செதுக்கி வெளியிட்ட ‘யுனிவர்சல் பென்மேன்’ பக்கங்களை இன்றைக்கும் மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். அந்த ஹேர்லைன்களைச் செதுக்கும் கருவி வெட்டியது, பேனா எழுதியதல்ல. அதோடு உங்கள் மூன்றாவது வாரப் பக்கத்தை வைத்துப் பார்த்து மனம் உடைவது உங்களுக்கு நீங்களே செய்யும் அநியாயம். பேனாவில் எழுதிய நிஜப் பக்கங்களைப் பார்க்க ஆசைப்பட்டால், ஐயாம்பெத் என்ற எழுத்துக்கலைஞர் சங்கம் பழைய ஆசிரியர்களின் பாடங்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது.

கேள்வி: சகோதரி, நான் பணி ஓய்வு பெற்றவன், வயது 64. கை லேசாக நடுங்குகிறது. பழக முடியுமா?

முடியும் ஐயா. விரலை மட்டும் அசைத்து எழுதினால்தான் நடுக்கம் கோட்டில் அதிகமாகத் தெரியும். முன்கையை மேசையில் முழுவதும் படிய வைத்து, ஹோல்டரைத் தளர்வாகப் பிடித்து, முன்கையையே நகர்த்தி எழுதிப் பாருங்கள். நடு உயரத்தை 10 மில்லிமீட்டராகக் கூட்டிக்கொள்ளுங்கள். மேல்நோக்கிப் போகும் கோட்டை மிக மெதுவாக இழுக்காமல் கொஞ்சம் ஓட்டமாக விடுங்கள், ஓட்டத்தில் நடுக்கம் மறையும். அத்துடன், எழுத உட்காருவதற்கு முன் ஒரு பக்கம் முழுக்க வெறும் முட்டை வடிவங்களாகப் போட்டுக் கையைச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதில் தமிழ் எழுதினால் நன்றாக வருமா அக்கா?

வரும், எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஆனால் ஆங்கில எழுத்தின் பழக்கத்தை அப்படியே கொண்டுவர முடியாது. பிளவின் திசையில் இழுக்கும்போதுதான் கால் விரியும், குறுக்காகப் போகும் கோட்டில் விரியாது. தமிழிலோ படுக்கைக் கோடுகள் நிறைய. ‘ட’ எழுதினால் நிற்கும் கோடு தடிக்கும், அடிக்கோடு மெலிந்துதான் வரும். ‘ப’வில் இடது கோடு கீழே வருகிறது, ஷேட் கிடைக்கும், வலது கோட்டைக் கீழிருந்து மேலே எழுதிப் பழகியதால் அது ஹேர்லைனாகிவிடும். இரண்டும் தடிக்கவேண்டும் என்றால் நிப்பைத் தூக்கி வலது கோட்டை மேலிருந்து கீழே இழுக்கவேண்டும். எனக்கு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ‘ப’தான் அழகாகத் தெரிகிறது, உங்கள் கண் என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள்.

‘ண’, ‘ணை’ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளில் எல்லா வளைவுக்கும் ஷேட் கொடுத்தால் உள்ளே வெளிச்சமே இல்லாமல் அடைத்துக்கொள்ளும். ஒரு சுழிக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை மெல்லியதாக விடுங்கள். நேராக நிற்கும் எழுத்து வேண்டுமானால், நிற்கும் கோடு பிளவின் திசைக்கு வரும்வரை காகிதத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு நிப் எத்தனை நாள் உழைக்கும்?

நாளாகக் கணக்கிட முடியாது, காகிதம், மை, கை மூன்றையும் பொறுத்தது. நேற்றுவரை வந்த ஹேர்லைன் இன்றைக்குத் தடித்தால், அல்லது அழுத்தத்தை விட்ட பிறகும் கால்கள் சேராமல் இடைவெளி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். அழுத்திப் பிடித்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினால் கை கெட்டுப்போகும். எழுதி முடித்ததும் தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, ஹோல்டரிலிருந்து கழற்றி வையுங்கள், மாட்டியபடியே விட்டால் ஃப்ளேஞ்சுக்குள் ஒளிந்திருக்கும் ஈரத்தில் அடிப்பக்கம் துருவேறிவிடும்.