வெள்ளிக்கு எந்த ஃபினிஷ்? வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி (கல்முனை): அன்றாடம் போடும் வெள்ளிக் காப்புக்குக் கண்ணாடி மினுக்கம் நல்லதா, மங்கல் நல்லதா? கீறல் தெரியக்கூடாது.

பதில்: மங்கல். ஆறு மாதம் போனால் மினுக்கக் காப்பு மங்கும், மங்கல் காப்பு உராயும் இடங்களில் மினுங்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்துவிடும். ஆனால் மங்கலை நீங்களே புதுப்பிக்கலாம். பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துண்டைப் புதிதாக எடுத்து, ஒரே திசையில் பத்துப் பதினைந்து இழுப்பு. வட்டமாகத் தேய்த்தால் கெட்டது. மினுக்கத்துக்குத் தட்டாரின் பஃப் சில்லு, அதாவது சுழலும் துணிச் சக்கரம், வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளியும் தேய்ந்து போகும். முலாம் பூசிய காப்பு, கல் பதித்த காப்பு என்றால் பச்சைத் துண்டைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். பற்பசையும் வேண்டாம், அது கீறும்.

கேள்வி (ஏறாவூர்): வெள்ளியில் எந்த ஃபினிஷ் நல்லது?

பதில்: அரிசிக் கடையில் போய் "எது நல்லது?" என்று கேட்டால், புட்டுக்கா புரியாணிக்கா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். என்ன நகை, யாருக்கு, தினம் போடுவதா, விசேஷத்துக்கா? நாலு சொல் கூட எழுதி அனுப்புங்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): தங்கச்சியின் கல்யாணத்துக்குக் கொலுசு பார்க்கிறோம். ஒரு கடையில் "கறுக்காத வெள்ளி" என்று காட்டினார்கள். மற்றதைவிட நல்ல வெள்ளை. எடுக்கலாமா?

பதில்: இந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. 925 வெள்ளி என்றால் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. காற்றில் உள்ள கந்தகம் பட்டால் அது கறுக்கத்தான் செய்யும். ஜெர்மேனியம் சேர்த்து, கறுப்பதைத் தாமதப்படுத்தும் கலவைகள் இருக்கின்றன, உண்மை. ஆனால் கண்ணாடி அலுமாரியில் நீலம் கலந்த வெள்ளையாக மின்னுவது பெரும்பாலும் ரோடியம் முலாம். பக்கத்தில் சாதாரண வெள்ளியை வைத்துப் பாருங்கள், அதில் இலேசான மஞ்சட் சூடு தெரியும்.

ரோடியம் கெட்ட உலோகம் அல்ல. கடினமானது, கறுக்காது. ஆனால் பூச்சின் தடிப்பு பெரும்பாலும் 0.1 இலிருந்து 0.5 மைக்ரோன் வரைதான் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்). தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். கொலுசு ஒவ்வொரு அடிக்கும் கணுக்காலில் உரசும், வளையமும் வளையமும் உரசும். முதலில் போவது அந்த இடங்கள்தான். அங்கே உள்ளிருக்கும் வெள்ளி வெளிப்பட்டுக் கறுக்கும், மற்ற இடம் வெள்ளையாகவே நிற்கும். முழுக்கக் கறுத்த கொலுசைத் துடைத்தெடுக்கலாம். திட்டுத் திட்டாகப் போனதை என்ன செய்வது?

அடுத்தது பற்றவைப்பு. வளையம் அறுந்தால் தட்டார் நெருப்புக் காட்டத்தான் வேண்டும். சூடு பட்ட ரோடியம் நீலக் கறுப்பாகும். அமிலத்தில் போட்டாலும் கழன்று வராது. தங்கத்தையே கரைக்கும் இராஜதிராவகத்துக்கும் மசியாத உலோகம் அது. தேய்த்தெடுத்து மறுபடி முலாம் போட வேண்டும். சலங்கை மணிக்குள்ளும் வளைய இடுக்கிலும் பஃப் சில்லு போகுமா? "வேலை சரியில்லை" என்று கடைசியில் தட்டாரைத்தான் ஏசுவார்கள். ரோடியம் இருக்கிறது என்று வாங்கும்போதே ஒருவரும் சொல்லாதது யாருடைய பிழை?

தோடு, பென்டன், விசேஷத்துக்கு மட்டும் போடும் அட்டிகை போன்ற உரசாத நகைக்கு ரோடியம் வாங்குங்கள். கொலுசு, மிஞ்சி, மோதிரம், காப்பு ஆகியவற்றுக்கு வேண்டாம். தங்கச்சிக்கு முலாம் இல்லாத மினுக்கக் கொலுசே போதும். மாதம் ஒருக்கால் வெந்நீர், சவர்க்காரம், மென்மையான தூரிகை. எதை வாங்கினாலும் முலாமா, முலாம் இல்லாததா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 925 முத்திரை உலோகத்தைப் பற்றித்தான் பேசும், மேற்பூச்சைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

கேள்வி (காத்தான்குடி): அக்கீக் கல் வைத்த ஆண்கள் மோதிரம், ஓரத்தில் எழுத்து வெட்டியது. எழுத்து எடுப்பாகத் தெரிய என்ன செய்யலாம்?

பதில்: வெட்டுக்குள் கறுப்பு ஏற்றி மேற்பரப்பை மினுக்கச் சொல்லுங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் கறுப்பில் உரசல் படாது, வருடக்கணக்கில் நிற்கும். வெட்டு ஆழமில்லை என்றால் கறுப்பு நிற்காது; முதலில் அதைப் பாருங்கள். ரோடியம் போட்ட மோதிரத்தில் கறுப்பு ஏறவே ஏறாது.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): வீட்டில் சிறு வெள்ளி வேலை செய்கிறேன். கறுப்பு ஏற்றினால் இரண்டு நாளில் தோலாக உரிகிறது. ஏன்?

பதில்: கரைசல் கடுமை, அல்லது சூடு கூட, அல்லது நகையில் எண்ணெய். மூன்றையும் ஒன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். கறுப்பு ஏற்றுவதை எல்லோரும் ஒக்ஸிடைஸ் என்கிறார்கள்; உண்மையில் அது ஒக்சைட் அல்ல, வெள்ளி சல்ஃபைட். மெல்லிய படலமாக இருந்தால்தான் ஒட்டும்.

நகையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிறகு விரல் படக்கூடாது. கால் லீற்றர் சுடுநீர், 60 பாகை செல்சியஸ் அளவில், கொதிக்கக்கூடாது. கடலை அளவு லிவர் ஒஃப் சல்பர் (கறுப்பு ஏற்றும் கந்தகச் சேர்மம்) கட்டி போட்டால் நீர் இளமஞ்சளாகும். கடும் மஞ்சள் என்றால் இன்னும் நீர் சேருங்கள். நகையை நைலோன் நூலில் கட்டி 5 முதல் 10 வினாடி அமிழ்த்தி, உடனே குளிர்நீரில் அலசுங்கள். முதலில் மஞ்சள், பிறகு செம்மை, நீலம், கடைசியில் கருஞ்சாம்பல். நாலைந்து தடவை அமிழ்த்துங்கள்; ஒரேயடியாக ஊறவிட்டால்தான் உரியும். முடிந்ததும் அப்பச் சோடா கரைத்த நீரில் சில நிமிடம் வைத்து, காய்ந்தபின் மேடான இடங்களைத் துணியால் துடைத்தெடுங்கள்.

இதை முற்றத்தில் செய்யுங்கள். அந்தக் கரைசலில் தேசிக்காய், வினாகிரி, அமிலம் எதுவும் ஒரு துளியும் விழக்கூடாது. கிளம்பும் வாயு நஞ்சு. மூக்குக்கு நாற்றம் தெரியாமல் போனால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், மூக்கு மரத்துப்போயிருக்கும்.

சிறு தோடு ஒன்றிரண்டுக்கு அவித்த முட்டை போதும். சூட்டோடு மசித்து, நகையைத் தொடாமல் மூடிய டப்பாவுக்குள் சில மணி நேரம் வையுங்கள். நிறம் சீராக வராது, ஆனால் ஆபத்துக் குறைவு.

கேள்வி (அக்கரைப்பற்று): வெள்ளியில் தங்க முலாம் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: எத்தனை மைக்ரோன் என்று கேட்காமல் நாள் சொல்ல முடியாது. 0.1, 0.2 மைக்ரோன் மோதிரத்தில் சில மாதம்கூட நிற்காது. வெர்மெய் (வெள்ளியின் மேல் தடித்த தங்க முலாம்) என்ற பெயரில் விற்க அமெரிக்காவில் 2.5 மைக்ரோன் வேண்டும். அந்த அளவு என்றால் தோட்டில் பல வருடம் போகும். மெல்லிய தங்கத்துக்குள்ளால் வெள்ளி மேலே ஊர்ந்து வந்தும் நிறம் மங்கும். மைக்ரோனையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி (பொத்துவில்): அறுகம்பே பக்கம் சிறு கடை. கடற்காற்றில் சரக்கெல்லாம் மங்குகிறது. எந்த ஃபினிஷ் எடுத்து வைப்பது?

பதில்: சுத்தியல் அடித்தது, ஆழமாய் வெட்டிக் கறுப்பு ஏற்றியது. மங்கினாலும் அது அழகில் சேர்ந்துவிடும். கண்ணாடி மினுக்கத்தைத் தினமும் துடைக்க ஆளிருந்தால் மட்டும் எடுங்கள். மிச்சத்தை ஒவ்வொன்றாகச் சிப் பைக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். றப்பர் பட்டியால் கட்ட வேண்டாம், றப்பரில் கந்தகம் இருக்கிறது.

கேள்வி (திருக்கோவில்): அலுமினியத் தாளும் அப்பச் சோடாவும் போட்ட சுடுநீரில் அம்மாவின் பழைய ஜிமிக்கியைப் போட்டேன். கறுப்பு வேலைப்பாடு எல்லாம் போய் வெளிறிவிட்டது.

பதில்: அது அழுக்குக் கறுப்பு எது, வேலைப்பாட்டுக் கறுப்பு எது என்று பார்க்காது; இரண்டும் ஒரே சல்ஃபைட்தான். முத்து, ஒட்டிய கல் இல்லை என்றால் தட்டாரிடம் கொடுத்து மறுபடி கறுப்பு ஏற்றலாம். முத்து இருந்தால் அதைக் கழற்றிய பிறகுதான்.

கேள்வி (கல்லடி): குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் கொடி?

பதில்: முலாம் இல்லாதது, கறுப்பு ஏற்றாதது, ஓரம் மழுங்க மினுக்கியது. ரோடியத்துக்கு அடியில் நிக்கல் பூசியிருந்தால், மேல்பூச்சுத் தேய்ந்ததும் தோல் சிவக்கும். வாங்கிய பிறகு கொடியைப் பஞ்சில் இழுத்துப் பாருங்கள். நார் மாட்டினால் திருப்பிக் கொடுங்கள்.